தேவகோட்டைப் புள்ளி

நேர்காணலில் கேட்டார்கள்:
ஆராய்ச்சிக்கு வேண்டிய குணம் என்னம்மா?
பொறுமை என்றேன்.
மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று தலைகள் அசைந்தன.
இரண்டாவதாகவும் ஏதோ சொன்னேன், மறந்துவிட்டது.
இடம் கிடைத்தது.

எனக்குக் கொடுத்தது துரு.
காரைக்குடியைச் சுற்றிப் பன்னிரண்டு ஊர்,
பன்னிரண்டு மொட்டை மாடி,
மாடிக்கு ஒரு மரச்சட்டம், அதில்
சீட்டுக்கட்டுச் சீட்டளவில் இரும்புத் தட்டுகள்.
காற்று எவ்வளவு தின்கிறது என்று
மில்லிகிராமில் கணக்கு.
ஒரே ஒருமுறை ஏறிப் பொருத்திவிட்டு வந்தேன்.
பிறகு மூன்று மாதத்துக்கொரு தட்டைக்
காவல்காரர்கள் கழற்றி, உறையில் போட்டு,
டவுன் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவார்கள்.
கழுவுவேன். காயவைப்பேன். நிறுப்பேன்.
மறுபடி நிறுப்பேன்.
இதைத்தான் பொறுமை என்று நினைத்திருந்தேன்.

ஒன்பதாம் மாதம் வரைபடம் போட்டேன்.
கீழே கடலிலிருந்து தூரம்,
பக்கவாட்டில் இரும்பு இழந்த எடை.
பதினோரு புள்ளிகள்
பிரேயருக்கு நிற்கும் பிள்ளைகள்போல் ஒரே கோட்டில்.
தேவகோட்டை மட்டும்
சட்டையை வெளியே விட்டுக்கொண்டு
எங்கோ மேலே, தனியாக.

"அழிச்சிரு" என்றாள் பக்கத்து மேசை நஸீமா,
"பதினொண்ணு பேசுது, ஒண்ணு உளறுது."
எனக்கோ அந்த ஒன்றின்மேல் காதல்.
தொண்டிப் பக்கமிருந்து உப்பைச் சுமந்து
ஒரு தனிக்காற்று நேரே அந்த மாடிக்கு வருவதாக
இரவோடிரவாக நான்கு பக்கம் எழுதினேன்.
காற்றுக்குப் பெயர்கூட வைத்தேன்.
அதை இங்கே சொல்லமாட்டேன்.
காலையில் படித்தால் நன்றாகத்தான் இருந்தது.
அதுதான் உறுத்தியது.

பஸ் ஏறினேன்.
பூட்டிய வீடு.
முகப்புச் சாவி சென்னையில்,
பின்கட்டுச் சாவி காவல்காரர் ராக்கப்பனிடம்,
ராக்கப்பன் ரேஷன் கடையில்.
இரண்டு மணி நேரம், வெயில்.
இருட்டுப் படிகளில் தடவித் தடவி ஏறிக்
கதவைத் தள்ளினால்
என் மரச்சட்டத்தின்மேல்
வரிசை வரிசையாக மோர்மிளகாய்.

"அந்தத் தகடு நல்லாச் சூடேறுதும்மா" என்றார்
ராக்கப்பன் மனைவி பஞ்சவர்ணம்.
"ரெண்டே நாள்ல காஞ்சிருது.
ஏன், வைக்கக் கூடாதா?"
கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்
என்பதுபோல் ஒரு பார்வை.

என் தனிக்காற்று
புளித்த மோரும் கல்லுப்புமாய்க்
காம்பு வழியே சொட்டிக்கொண்டிருந்தது.
இரும்பு பொய் சொல்லவில்லை.
உப்பு என்றது, உப்புத்தான்.
கடல் என்றது நான்.

எத்தனை தடவை காயவைத்தீர்கள் என்றேன்.
பங்குனியில் நாலு, சித்திரையில் ஏழு,
வைகாசியில் ரெண்டு, அதில் ஒன்று மழையில் போச்சு.
விரலைக்கூட மடக்காமல் சொன்னார்.
அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.
நான்கு பக்கத்தைக் கிழிக்கவில்லை,
குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் தேதி.

திரும்பும்போது ரஸ்தாவில் பஸ் நின்றது.
மடியில் ஒரு பொட்டலம் மோர்மிளகாய்.
வயிற்றுக்குள் திடீரென ஏதோ நழுவியது.
மற்ற பதினொன்று?
கோட்டில் நின்றன என்பதற்காக
ஒரு மாடியைக்கூட நான் மறுபடி மிதிக்கவில்லை.
யார் கண்டது,
நெற்குப்பையில் தட்டின்மேல் புறா கூடு கட்டி
மழையை மறைத்திருக்கலாம்.
பள்ளத்தூரில் யாரோ அக்கறையாக
எண்ணெய் தடவித் துடைத்து வைத்திருக்கலாம்.
சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளையை
எங்கே போனாய் என்று யார் கேட்கிறார்கள்.

நஸீமாவுக்குப் போன் போட்டேன்.
நாளைக்கு வர்றியா, கண்டனூர்ல ஆரம்பிக்கணும்.
"அதுதான் ரொம்ப அழகா உக்காந்திருக்கே கோட்டுல."
அதனாலதான்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை, பிறகு
"அங்க எத்தனை படி?"

தெரியல என்றேன்.
எண்ணினதில்லை.